பெட்ரோலுக்கு ஒரு பாராக்காரன்!

டர்போ என்ஜினுக்கு ரெகுலேட்டர் வாங்குவது எப்படி?

ஒரு படி அரிசிக்கு இரண்டரைப் படி தண்ணீர். அடுப்பில் வைத்தால் சோறு பதமாக வேகும்.

திடீரென்று விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அம்மா இன்னொரு படி அரிசியைப் பானையில் போடுகிறாள். பேச்சு மும்முரத்தில் தண்ணீர் ஊற்ற மறந்துவிடுகிறாள். என்ன ஆகும்?

சோறு அடிப்பிடிக்கும். பானையும் கருகும்!

மோட்டார் கார் என்ஜினிலும் இதே கதைதான். அங்கே அரிசிதான் காற்று. தண்ணீர்தான் பெட்ரோல். பானைதான் பிஸ்டன். காற்றை இரண்டு மடங்காக்கிவிட்டு, அதற்கு ஏற்றபடி பெட்ரோலைக் கூட்டாமல் விட்டால் பிஸ்டன் உருகிப் போகும்.

அப்படி உருகாமல் காக்க ஒரு சிறிய கருவி இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன் பெயர் "பியூயல் பிரஷர் ரெகுலேட்டர்". எரிபொருளின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் கருவி என்று பொருள்.

பழைய காருக்கு டர்போ பொருத்த ஆசைப்படுகிறவர்கள், டர்போவுக்குத் தாராளமாகச் செலவு செய்வார்கள். இந்தச் சிறு கருவி என்று வரும்போது மட்டும் கையை இறுக்கினால், முதலுக்கே மோசம் வந்துவிடும்!

வீணாகும் புகைக்கு வேலை

டர்போ என்றால் என்ன?

என்ஜினில் பெட்ரோல் எரிந்ததும் சூடான புகை வேகமாக வெளியே பாய்கிறது. சாதாரணக் காரில் அந்த வேகம் வீணாகிறது. டர்போவில் அந்தப் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக் காற்றை இழுத்து, அமுக்கி, என்ஜினுக்குள் திணிக்கிறது. காற்று அதிகமானால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம். சக்தியும் அதிகமாகும்.

இந்த யோசனைக்கு 1905-ஆம் ஆண்டில் உரிமை பெற்றவர் ஆல்பிரட் பூச்சி. சுவிட்சர்லாந்து நாட்டு என்ஜினீயர்.

1918-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. சான்போர்டு மாஸ் என்ற நிபுணர், "லிபர்டி" என்ற விமான என்ஜினை பைக்ஸ் பீக் என்ற மலையின் உச்சிக்கே கொண்டு போனார். உயரம் 14,000 அடிக்கு மேல். அங்கே காற்று மெலிந்திருக்கும். தரையில் 350 குதிரைச் சக்தி கொடுத்த அந்த என்ஜின், மலை உச்சியில் 230 குதிரைச் சக்திதான் கொடுத்தது. டர்போவை மாட்டியதும் 356 குதிரைச் சக்தி கிடைத்தது!

1962-ல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் கம்பெனி, "ஜெட்பயர்" என்ற டர்போ காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகாமலிருக்க, அதில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். கார் வாங்கியவர்களில் பலர் அதை ஊற்ற மறந்தார்கள். தொட்டி காலியானால் டர்போவின் வேகத்தைக் குறைக்க ஏற்பாடு இருந்தது. ஆனால் கார் மந்தமாகிவிட்டது என்று வாங்கியவர்கள் அலுத்துக்கொண்டார்கள். 1963-க்குப் பிறகு அந்தக் கார் வரவே இல்லை.

மனிதனின் ஞாபகத்தை நம்பி ஒரு என்ஜினை ஓட்ட முடியாது. தானாகவே கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும். ரெகுலேட்டரின் பெருமை இங்கேதான் இருக்கிறது.

மஞ்சள் கெட்டில்

கார்ப் பந்தயத்திலும் டர்போ எளிதில் வென்றுவிடவில்லை.

1977-ல் பிரான்சின் ரெனால்ட் கம்பெனி, இங்கிலாந்தின் சில்வர்ஸ்டன் மைதானத்தில் ஒரு டர்போ காரை இறக்கியது. பார்முலா ஒன் பந்தயத்துக்கு வந்த முதல் டர்போ கார் அதுதான். காரின் நிறம் மஞ்சள். அடிக்கடி என்ஜின் கெட்டு, புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. "மஞ்சள் டீ கெட்டில்" என்று எல்லோரும் கேலி செய்தார்கள்.

ரெனால்ட் சளைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் பாடுபட்டது. 1979 ஜூலை 1-ந்தேதி, பிரான்சின் டிஜோன் மைதானத்தில் ழான் பியர் ழபுய் ஓட்டிய ரெனால்ட் கார் முதலிடம் பெற்றது. கேலி செய்தவர்களும் பிற்பாடு டர்போவுக்கு மாறினார்கள்.

பெரிய கம்பெனிகளையே இவ்வளவு பாடுபடுத்திய சமாச்சாரம் இது. வீட்டுக் கொட்டகையில் டர்போ பொருத்துகிறவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

கதவின் இரு பக்கம்

இனி ரெகுலேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

டாங்கியில் உள்ள பம்பு, என்ஜினுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே பெட்ரோலை அனுப்புகிறது. அது ஒரு குழாயில் வந்து நிற்கிறது. அந்தக் குழாயிலிருந்து "இன்ஜெக்டர்" என்னும் சிறு பீச்சுக்குழல்கள் என்ஜினுக்குள் பெட்ரோலைத் தூவுகின்றன. குழாயின் கடைசியில் ரெகுலேட்டர் உட்கார்ந்திருக்கிறது.

அதற்குள்ளே ஒரு ரப்பர்த் தகடு. அதை "டயாப்ரம்" என்பார்கள். தகட்டின் ஒரு பக்கம் பெட்ரோல் தள்ளுகிறது. மறுபக்கம் ஒரு ஸ்பிரிங் தள்ளுகிறது. பெட்ரோலின் கை ஓங்கினால் தகடு விலகி வழிவிடும். மிச்சப் பெட்ரோல் டாங்கிக்கே திரும்பிவிடும். அழுத்தம் குறைந்தால் வழி அடைபடும். வாசலில் நிற்கும் பாராக்காரன் ஆளைக் கணக்குப் பார்த்து விடுவதுபோல!

பல கார்களில் இந்த அழுத்தம் 43 பவுண்டு. டயருக்கு 30 பவுண்டு காற்று அடிக்கிறோமே, அதே கணக்குதான். ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று அர்த்தம்.

டர்போ வந்தால் என்ன வித்தியாசம்?

ஒரு கதவை வெளியிலிருந்து நீங்கள் தள்ளுகிறீர்கள். உள்ளே எதிர்ப்பு இல்லை. கதவு சுலபமாகத் திறக்கிறது. இப்போது உள்ளேயிருந்து ஒருவர் எதிர்த்துத் தள்ளினால்? உங்கள் பலத்தில் ஒரு பகுதி அவரைச் சமாளிப்பதிலேயே போய்விடும்.

டர்போ அதைத்தான் செய்கிறது. அது 14 பவுண்டு அழுத்தத்தில் என்ஜினுக்குள் காற்றைத் திணிப்பதாக வைத்துக்கொள்வோம். 43 பவுண்டில் வரும் பெட்ரோலை அந்தக் காற்று எதிர்த்துத் தள்ளும். மிஞ்சுவது 29 பவுண்டுதான். இன்ஜெக்டர் வழியாகப் போகும் பெட்ரோல் ஏறக்குறைய 18 சதவீதம் குறைந்துவிடும்.

எந்த நேரத்தில் குறைகிறது பாருங்கள்! அதிகம் வேண்டிய நேரத்தில் குறைகிறது!

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். மெதுவாகப் போகும்போது இந்தக் கணக்கு சரி. டர்போ முழுவேகத்தில் திணிக்கும்போது, 12 கிலோ காற்றுக்கே ஒரு கிலோ பெட்ரோல் கொடுப்பது வழக்கம். மிகையாகப் போகும் பெட்ரோல் உள்ளே சூட்டைத் தணிக்கும். பெட்ரோல் 18 சதவீதம் குறைந்தால் 12 என்பது மறுபடியும் 14.7 ஆகிவிடும். தணிக்க ஆளில்லை. சூடு ஏறும். பெட்ரோல் நேரம் கெட்டு வெடிக்கும். பிஸ்டனின் தலையைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் அந்த வெடிப்பு தாக்கும்.

ஒரு சிறு ஓஸ் செய்த வேலை

ஒரு பட்டறையில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

அப்பா ஓட்டிய பழைய காருக்கு ஓர் இளைஞர் ஆசையாசையாக டர்போ பொருத்தியிருக்கிறார். வயதான மெக்கானிக்கிடம் ஓடி வருகிறார்.

"அண்ணே, வண்டி பறக்குது! ஆனா டக டகன்னு ஒரு சத்தம்."

"எப்போ வருது, தம்பி?"

"முழுசா மிதிக்கும்போது மட்டும்."

"அப்படின்னா இனிமே மிதிக்காதே. பெட்ரோல் அழுத்தத்தைப் பார்த்தியா?"

"பம்பு புதுசுண்ணே!"

"பம்பைக் கேட்கலே. ரெகுலேட்டர் தலையிலேருந்து என்ஜினுக்குப் போற சின்ன ஓஸ் எங்கே?"

"அதுவா? மாட்ட இடம் கிடைக்கலே. அப்படியே விட்டுட்டேன்."

மெக்கானிக் பதில் பேசவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அதன் வெள்ளைப் பீங்கானில் வெள்ளிப் பொடி தூவியதுபோல் சின்னச் சின்னப் புள்ளிகள்.

"பார்த்தியா? இது உன் பிஸ்டன்! கரைஞ்சு வந்து இங்கே ஒட்டியிருக்கு. அப்பா வண்டின்னு சொன்னியே, இன்னும் நாலு நாள் இப்படி ஓட்டியிருந்தா என்ஜினை எடைக்குத்தான் போடணும்."

இளைஞரின் முகம் வெளிறியது. இத்தனைக்கும் காரணம், கைவிரல் பருமன்கூட இல்லாத ஒரு ரப்பர் ஓஸ்!

அந்த ஓஸுக்கு என்ன அவ்வளவு மகிமை? என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அது ரெகுலேட்டரிலுள்ள ஸ்பிரிங்கின் பக்கம் கொண்டு போகிறது. உள்ளே காற்று 14 பவுண்டு ஏறினால், ஸ்பிரிங்குக்கும் 14 பவுண்டு துணை சேரும். பெட்ரோல் அழுத்தம் 43-லிருந்து 57 ஆகும். அதில் 14-ஐக் கழித்தால் மீண்டும் 43! கணக்கு நேராகிவிட்டது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது: ரெகுலேட்டரின் தலையில் அந்தச் சிறு ஓஸ் மாட்டும் மூக்கு இருக்க வேண்டும். காற்று ஒரு பவுண்டு ஏறினால் பெட்ரோலும் ஒரு பவுண்டு ஏற வேண்டும். இதை "ஒன்றுக்கு ஒன்று" என்பார்கள்.

இரண்டாவது: கார்புரேட்டர் என்ஜினா, இன்ஜெக்டர் என்ஜினா என்று பாருங்கள். கார்புரேட்டருக்கு மூன்று முதல் ஆறு பவுண்டு போதும். 43 பவுண்டை அனுப்பினால் பெட்ரோல் பொங்கி வழிந்து தீப்பற்றும் அபாயம் உண்டு. டர்போவின் காற்று கார்புரேட்டர் வழியாகப் போகும் ஏற்பாடானால், அங்கேயும் ஒன்றுக்கு ஒன்று ரெகுலேட்டர் வேண்டும். காற்று 7 பவுண்டு அழுத்தினால் பெட்ரோல் 12 பவுண்டாவது இருக்க வேண்டும்.

மூன்றாவது: "ஒன்றுக்கு ஆறு" போன்ற ரெகுலேட்டர்களும் உண்டு. காற்று ஒரு பவுண்டு ஏறினால் பெட்ரோல் ஆறு பவுண்டு ஏறும். காரின் கம்ப்யூட்டரை மாற்றி அமைக்க வழியில்லாதவர்கள் கையாண்ட தந்திரம் இது. காற்று 8 பவுண்டு ஆனால் பெட்ரோல் 91 பவுண்டுக்குப் போகும். அந்த அழுத்தத்தில் பல பம்புகள் திணறிவிடும். கம்ப்யூட்டரைத் திருத்தி அமைக்க முடியுமானால், பெரிய இன்ஜெக்டரும் ஒன்றுக்கு ஒன்று ரெகுலேட்டருமே நல்லது.

நான்காவது: திரும்பும் வழி அகலமாக இருக்க வேண்டும். மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் நின்றபடி என்ஜின் ஓடும்போது மணிக்கு ஒரு லிட்டர் அளவுதான் செலவாகும். மீதி முழுவதும் டாங்கிக்குத் திரும்ப வேண்டும். மணிக்குப் பதினாறு, பதினேழு வாளி! ரெகுலேட்டரின் துவாரமோ, திரும்பும் குழாயோ குறுகலாக இருந்தால் பெட்ரோல் தேங்கும். அழுத்தம் தானாக ஏறிவிடும். திருகை எவ்வளவு திருகினாலும் இறங்காது.

ஐந்தாவது: பம்பின் பலத்தையும் பாருங்கள். 200 குதிரைச் சக்தி கொடுக்கும் டர்போ என்ஜின், முழுவேகத்தில் மணிக்குச் சுமார் 75 லிட்டர் பெட்ரோல் கேட்கும். இதை 43 பவுண்டில் கொடுத்தால் போதாது. 57 பவுண்டிலும் கொடுக்க வேண்டும். அழுத்தம் ஏற ஏற, பம்பு தள்ளும் அளவு குறையும். பம்பு தோற்றால் ரெகுலேட்டர் என்ன செய்யும்? வராத பெட்ரோலை அது வரவழைக்க முடியாது!

ஆறாவது: எத்தனாலைத் தாங்கும் டயாப்ரமா என்று கேளுங்கள். இந்தியாவில் 2025-ஆம் ஆண்டில் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. எத்தனாலுக்கு ஒத்துவராத ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

காரில் முதலிலேயே இருக்கும் ரெகுலேட்டர் போதாதா? காற்றின் அழுத்தம் கொஞ்சமாக இருந்து, பெரிய பம்பும் போடவில்லை என்றால் அதுவே போதலாம். அளந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். சில கார்களில் ரெகுலேட்டர் டாங்கிக்குள்ளேயே இருக்கும். திரும்பும் குழாய் என்ஜின் வரை வராது. அப்படிப்பட்ட காருக்குப் புதிதாக ஒரு திரும்பும் குழாய் போட நேரிடலாம். அந்தச் செலவையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இரண்டு சுலபமான சோதனைகள்

வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. சோதித்துப் பார்க்க வேண்டும்.

சிறு ஓஸைக் கழற்றி, என்ஜின் பக்கத்துத் துவாரத்தை அடைத்துவிட்டு, என்ஜினை ஓடவிடுங்கள். கேஜ் 43 காட்டும்படி திருகை வையுங்கள். பிறகு ஓஸை மாட்டுங்கள். என்ஜின் உறிஞ்சும் வேகத்தில் அழுத்தம் 34 பவுண்டு அளவுக்கு இறங்கும். இறங்காவிட்டால் எங்கோ கோளாறு.

அடுத்து, என்ஜினை நிறுத்திவிட்டுப் பெட்ரோல் பம்பை மட்டும் ஓடவிடுங்கள். ஒரு கைப்பம்பினால் ரெகுலேட்டரின் மூக்கில் 10 பவுண்டு காற்றைக் கொடுங்கள். கேஜ் 43-லிருந்து 53-க்குப் போக வேண்டும். போனால் பாராக்காரன் விழித்திருக்கிறான் என்று அர்த்தம். போகாவிட்டால் அந்தக் காரை வேகமாக ஓட்டவே கூடாது.

இன்னொன்று. சிறு ஓஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் டயாப்ரம் கிழிந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். உடனே மாற்றிவிட வேண்டும்.

அந்த ஓஸுக்கு என்ஜினில் தனி இடம் கொடுங்கள். மற்றக் கருவிகளோடு பங்கு போடாதீர்கள். இரு முனையிலும் கிளிப் போட்டு இறுக்குங்கள். இல்லாவிட்டால் டர்போவின் காற்றே ஓஸைத் தள்ளிக் கழற்றிவிடும்.

குழந்தைகளும் ஏறும் கார்

என்ஜின் போனால் பணம் போகும். தீப்பற்றினால்?

பெட்ரோல் அழுத்தத்தைக் காட்டும் கேஜைப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று சிலர் ஸ்டீரிங் அருகே வைக்க நினைப்பார்கள். அதற்காகப் பெட்ரோல் குழாயைக் காருக்குள்ளேயே இழுத்து வருவது பெரும் அபாயம். குழாய் விட்டுப்போனால் உட்கார்ந்திருப்பவர்கள் மடியிலேயே பெட்ரோல் பீச்சும். முள் காட்டும் கேஜை பானெட்டுக்குள் வையுங்கள். உள்ளே வேண்டுமானால் மின்சாரக் கம்பி மட்டும் வரும் கேஜைப் போடுங்கள்.

பெட்ரோல் குழாயைக் கழற்றும் முன் அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும். என்ஜின் சூடாக இருக்கும்போது கை வைக்கக் கூடாது. பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது. தீயணைக்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவி, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. பதிவு செய்த வண்டியை மாற்றி அமைப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிக்காமல் வண்டியைச் சாலையில் இறக்குவது தவறு.

பட்டறைக்கு வந்த இளைஞரை மறந்துவிடவில்லையே? மெக்கானிக் அந்தச் சிறு ஓஸை மாட்டினார். இரு முனையிலும் கிளிப் போட்டார். கைப்பம்பை எடுத்து இளைஞரிடமே கொடுத்தார்.

"நீயே அடிச்சுப் பாரு, தம்பி."

10 பவுண்டு காற்று ஏறியது. கேஜின் முள் 53-ல் போய் நின்றது.

"இப்போ அப்பாவை உட்கார வச்சு ஓட்டலாமா, அண்ணே?"

"முதல்ல பிஸ்டனைக் கழற்றிப் பார்ப்போம். அது நல்லா இருந்தா ஓட்டலாம்."